ரெண்டு தெரு தள்ளி நடக்கிற நற்கருணையை டிவியில பார்க்கலாமா?

தேரிக்காடு:

எங்க வீட்டுக்கும் கோவிலுக்கும் நடுவுல ரெண்டே தெரு. ஞாயித்துக்கிழமை மணி அடிச்சா ஜன்னல் வழியா நல்லாவே கேட்கும். அம்மா கட்டில்ல விழுந்து மூணு வருஷமாச்சு, அதனால டிவியில யூடியூப் போட்டு ஆராதனையை வெச்சுடுவேன். முதல்ல ஜன்னல்ல மணி. இருபது செகண்ட் போல கழிச்சு அதே மணி டிவியில. அம்மா முதல் மணிக்கே கையைக் கூப்பிடுவாங்க. ரெண்டாவது மணிக்கு "இது எதுக்குடி?"ன்னு கேட்பாங்க.

எனக்கு இந்தக் கேள்வி வந்தது 2020 ஏப்ரல் 9, பெரிய வியாழன் அன்னைக்கு. ஊரடங்கு தொடங்கி ரெண்டு வாரம். ஆயர் ஃபோன்ல நற்கருணையை, அதாவது ஆண்டவரோட கடைசிப் பந்தியை நினைச்சு அப்பமும் ரசமும் பங்கிடுற ஆராதனையை, லைவ் போட்டார். "அவரவர் வீட்டில் அப்பமும் ரசமும் ஆயத்தமாக வைக்கவும்"னு முந்தின நாளே வாட்ஸப்ல செய்தி வந்துட்டு. பேக்கரி எல்லாம் பூட்டு. காலையில சுட்ட சப்பாத்தி ஒண்ணு எடுத்து, உலர்திராட்சையை ஊறவெச்சுக் கசக்கி, எவர்சில்வர் டம்ளர்ல வடிகட்டி வெச்சோம். ஆயர் அப்பத்தைக் கையில எடுத்த நேரம் பார்த்துப் படம் நின்னுபோச்சு. வட்டம் சுத்திட்டே இருக்கு. பிடலாமா, காத்திருக்கலாமா? அம்மா, "அவர் பிட்டிருப்பார், நீ பிடு"ன்னாங்க. சாப்பிட்டோம்.

அதுக்கப்புறம்தான் சிக்கல். பாதிச் சப்பாத்தி தட்டுல மீதி. மதியக் குழம்போட சேர்க்க மனசு வரல. காக்காவுக்குப் போடப் பயம். கடைசில அம்மாவே அதையும் தின்னுட்டு, டம்ளரை அலசின தண்ணியை முருங்கை மூட்டுல ஊத்தினாங்க.

இப்ப எதுக்கு இந்தப் பழைய கதைன்னா, முன்னெல்லாம் எங்க சேகரத்துல, அதாவது எங்க ஆயர் பார்க்கிற சபைகள்ல, படுக்கையில இருக்கிறவங்களுக்கு மாசம் ஒரு தடவை சின்னப் பெட்டியோட வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுப்பாங்க. இப்ப அது நின்னுபோச்சு. கேட்டா, "லைவ் வருதே, அம்மா பார்க்கிறாங்கல்ல?"ன்னு பதில். பார்க்கிறதும் பங்கெடுக்கிறதும் ஒண்ணுதானா? படிச்சவங்க சொல்லுங்க.

மேல்வீட்டறை:

சிஸ்டர், நான் பாஸ்டரம்மா. வேதாகமக் கல்லூரி படிக்கல, அனுபவத்துல சொல்றேன். "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ"ன்னு ஆண்டவர் சொன்னப்போ, ஒரே கூரைக்குக் கீழன்னு சொல்லலையே. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, சரீரத்தினாலே தூரமாயிருந்தும் ஆவியினாலே உங்களோடேகூட இருக்கிறேன்னு எழுதுறார். ரோமப் படையில நூற்றுக்கு அதிபதியா இருந்தவன், வேலைக்காரன் நோயில கிடந்தப்போ, ஆண்டவர்கிட்ட "ஒரு வார்த்தை சொல்லும்"னான். ஆண்டவர் அவன் வீட்டு வாசல்ல கால் வைக்காமலே வேலைக்காரன் எழுந்துட்டான்.

எங்க வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் இப்பவும் ஜூம்லதான். அதுல ஒரு பிள்ளை வருவா. பேரு போடமாட்டா, கேமரா திறக்கமாட்டா, மைக் திறக்கவே மாட்டா. கல்யாணமாகிப் போன வீட்டுல அவ விசுவாசிங்கிறது யாருக்கும் தெரியாது. மாவாட்டும்போது ஒரு காதுல மட்டும் இயர்ஃபோன். அவளுக்கு இருக்கிற சபை அந்த ஒரு காதுதான். அதை "வெறும் பார்வை"ன்னு சொல்றவங்க அவகிட்ட வந்து சொல்லட்டும்.

உங்க சப்பாத்தி கர்த்தருடைய பந்திதான் சிஸ்டர். சந்தேகமே வேண்டாம்.

காவிரிக்கரை:

நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கம் இதற்கு எழுத்திலேயே பதில் இருக்கிறது. திருச்சபையும் இணையமும் பற்றி வத்திக்கான் 2002இல் வெளியிட்ட ஆவணம், இணையத்தில் அருளடையாளங்கள் (நற்கருணை, ஒப்புரவு போன்ற திருச்சடங்குகள்) கிடையாது என்று நேராகவே சொல்கிறது. பாத்திமா மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மாதா டிவியில் திருப்பலி பார்க்கும் என் பாட்டிக்கும் அது தெரியும். திருப்பலி முடிந்ததும் "பூசை பார்த்தேன்" என்பாரே தவிர, "பூசை கண்டேன்" என்று சொல்ல மாட்டார். நேரில் போய்ப் பங்கெடுத்தால்தான் "கண்டேன்"; எங்கள் வீட்டில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு கோடு உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இத்தாலியத் துறவியான அசிசியின் புனித கிளாரா நோயில் கிடந்த ஒரு கிறிஸ்துமஸ் இரவில், தொலைவில் கோவிலில் நடந்த வழிபாட்டைத் தன் அறையிலிருந்தே கண்டதாக மரபு. அதை வைத்துத்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். திருத்தந்தை நகருக்கும் உலகுக்கும் வழங்கும் ‘உர்பி எத் ஓர்பி’ ஆசீரை வானொலி, தொலைக்காட்சி வழியாகப் பெறலாம் என்பதையும் திருச்சபை ஏற்கிறது. ஆக, ஆசீர் கம்பி வழியாக வரும், அப்பம் வராது. பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளமும் ஃபோனில் கிடையாது. வார்த்தை பயணம் செய்யும். பொருளைக் கையில்தான் கொடுக்க வேண்டும். எனக்கு இந்தப் பிரிப்பு பிடித்திருக்கிறது.

மேல்வீட்டறை சகோதரி சொன்ன நூற்றுக்கு அதிபதி பற்றி ஒன்று. ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன் நாங்கள் சொல்வது அவனுடைய வார்த்தையைத்தான்: "நீர் என் இல்லத்தில் எழுந்தருளிவர நான் தகுதியற்றவன்." தூரத்திலிருந்து குணம்பெற்றவனின் வார்த்தையைச் சொல்லிவிட்டு, எழுந்து வரிசையில் போய் நிற்கிறோம். தூரமாக இருந்து சொன்னால் போதும் என்றிருந்தால் அந்த வரிசை எதற்கு?

2020இல் போப் பிரான்சிஸ் தினமும் காலைத் திருப்பலியை நேரலையில் நடத்தினார். அதே மனிதர் ஏப்ரல் 17 மறையுரையில், இது சுரங்கப்பாதைக்குள் இருக்கும் நிலை, இதிலேயே தங்கிவிடக் கூடாது என்ற பொருளில் எச்சரித்தார்.

மீதிச் சப்பாத்தி பற்றி உங்கள் அம்மா செய்தது, எங்கள் குருக்கள் திருப்பாத்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி அருந்துவதற்குக் கிட்டத்தட்ட சமம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்திருக்கிறார்.

சும்மா வந்தவன்:

கடவுள் எங்கும் இருக்கிறார்னா 4ஜி-யிலும் இருப்பார். இதுக்கு ஏன் இத்தனை பத்தி?

தரங்கை:

சும்மா வந்தவருக்கு: நீங்கள் கிண்டலாகக் கேட்டதை 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் சீர்திருத்தத் தலைவர்கள் உட்கார்ந்து சண்டையாகவே போட்டார்கள். லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதிவைத்து அதன்மேல் துணியை விரித்துக்கொண்டார். சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்ளி, கிறிஸ்துவின் உடல் பரலோகத்தில் பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கும்போது இங்கே எப்படி இருக்கும் என்றார். லூத்தர் துணியை விலக்கி எழுத்தைக் காட்டினார். கடைசிவரை அந்த ஒரு வாக்கியத்தில் உடன்பாடு வரவில்லை.

நான் லூத்தரன். 1706இல் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடிக்காரன். லூத்தருடைய பதிலில் உங்கள் 4ஜிக்கு இடம் இருப்பதுபோலத் தோன்றும், ஏனென்றால் கிறிஸ்து எங்கும் இருக்கிறார் என்று வாதிட்டவரே அவர்தான். ஆனால் அடுத்த வரியிலேயே நம்மைப் பிடித்து நிறுத்துகிறார். அவர் எங்கும் இருப்பது ஒன்று, உனக்காக இருப்பது வேறு. உனக்காக எங்கே இருப்பேன் என்று அவர் சொன்னாரோ அங்கே போய்த் தேடு என்கிறார். கிணற்றுத் தண்ணீர் ஊர் முழுக்க நிலத்தடியில் ஓடுகிறது. குடிக்க வேண்டும் என்றால் கிணற்றடிக்குத்தான் குடத்தோடு போக வேண்டும்.

இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் வழிக்காரர்களுக்குத்தான் இணையம் எளிது என்று நினைக்கிறேன். இடத்தால் பிரிந்திருப்பவற்றை ஆவியானவர் இணைக்கிறார் என்பது அவர்களுடைய அடிப்படை. பரலோகத்துக்கும் பூமிக்கும் நடுவிலுள்ள தூரத்தையே ஆவியானவர் கடக்கிறார் என்றால், ரெண்டு தெரு எம்மாத்திரம்? பிரிட்டன் மெதடிஸ்டுகள் 2021இல் இணைய நற்கருணையைச் சோதனை முறையில் அனுமதித்தார்கள். எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அவர்கள் யோசிக்காமல் செய்ததாகவும் சொல்ல மாட்டேன்.

படம் நின்றுபோன இடத்தில் உங்கள் அம்மா "அவர் பிட்டிருப்பார்" என்றாரே, அதுதான் இந்த இழையிலேயே எனக்குக் கடினமான வாக்கியம். அது விசுவாசமா, அனுமானமா? இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

மூணு சக்கரம்:

"உடல் முக்கியம், ஒன்றுகூடுதல் முக்கியம்"னு எழுதுறவங்க எல்லாருக்கும் படியேற முடியும்னு நினைக்கிறேன்.

எங்க கோவில் வாசல்ல அஞ்சு படி. வண்டியை யாராவது தூக்கணும். சின்ன வயசுல தூக்கினாங்க. இப்ப எடை கூடிப்போச்சு, எனக்கும் வெட்கம். மாற்கு எழுதின கதையில நாலு பேர் கூரையைப் பிரிச்சுத் திமிர்வாதக்காரனை இறக்கினாங்க. எங்க சபையில சரிவுப்பாதை போடணும்னு ஏழு வருஷமா கமிட்டி கூடிக் கூடிக் கலையுது. நடுவுல புது கோபுரம் மட்டும் எழும்பிடுச்சு.

ஊரடங்குல முதல் தடவையா எல்லாரும் என் இடத்துக்கு வந்தாங்க. ஆயர், டீக்கனார், பாடகர் குழு எல்லாருமே ஒரு பெட்டிக்குள்ள. என்னை வேத பாடம் வாசிக்கச் சொன்னாங்க. பீடத்துல ஏறி வாசிக்கிற பாக்கியம் எனக்கு அதுக்கு முன்னாடி கிடைச்சதே இல்ல. செப்டம்பர்ல கோவில் திறந்தது. அடுத்த ஞாயிறே வாசிப்புப் பட்டியல்ல என் பேர் இல்ல.

அதனால "அருளடையாளம் கம்பியில வராது"ங்கிறதை எல்லாம் நான் மறுக்கல. ஆனா அந்தச் சட்டத்தை எழுதும்போது யார் உள்ள உட்கார்ந்து எழுதினாங்கன்னு ஒரு தடவை பாருங்க.

கடைசி பெஞ்ச்:

மூணு சக்கரம் அண்ணே, வணக்கம். நான் வேற ஒரு படியைப் பத்திப் பேசுறேன்.

பவுல் கொரிந்துல எதுக்குக் கோபப்பட்டார்? அங்க அப்பம் இருந்தது, ரசம் இருந்தது, எல்லாரும் ஒரே வீட்டுலதான் இருந்தாங்க. ஆனா வசதியானவங்க முதல்ல வந்து தின்னு குடிச்சுட்டாங்க, ஏழைங்க வரும்போது ஒண்ணுமில்ல. ஒருத்தன் பசி, ஒருத்தன் வெறி. அவர் சொன்ன மருந்து: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." நற்கருணைக்கு உண்டான ஒழுங்கு என்னன்னு கேட்டா நான் இந்த ஒத்தை வரியைத்தான் காட்டுவேன். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியில்லாத பந்தி அவரவர் தனிச்சாப்பாடுதான்.

நம்ம நாட்டுல இதுக்கு வேற கனம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வேறுபாடு உடனே ஒழியணும்னு கடிதம் எழுதினப்போ தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் பெரிய கொந்தளிப்பு. எதுக்குங்கிறீங்க? யார் எங்க உட்காரணும், யார் முன்னாடி யார் பாத்திரத்துல வாய் வைக்கணும்ங்கிறதுக்கு. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவில்ல ஒரே பீடத்துக்கு ரெண்டு கால் மாதிரி ரெண்டு மண்டபம் கட்டினாங்க, சாதிக்கு ஒண்ணா. எங்க தாத்தா கிண்ணத்துல வாய் வெச்ச அப்புறம் துணியால துடைக்கிற துடைப்பு கொஞ்சம் அழுத்தமா இருக்குமாம். தாத்தா அதைச் சொல்லிச் சிரிப்பார், பாட்டி சிரிக்கமாட்டா.

ஆனாலும் தாத்தா போனார். ஒவ்வொரு முதல் ஞாயிறும் போய் முழங்கால் போட்டார். பக்கத்துல முழங்கால் போட்டவனுக்கு அது பிடிச்சதோ இல்லையோ, அந்த ஒரு நிமிஷம் தோளோட தோள் பட்டது. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வழிபாட்டு முறை 1950இல் வந்தப்போ சமாதானத்தைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கிற பழக்கத்தைச் சேர்த்தாங்க. வாயால "சமாதானம்"னு சொல்றது சுலபம். கையைப் பிடிக்கிறதுதான் அங்க கஷ்டமா இருந்தது.

இப்ப அவங்கவங்க வீட்டு டம்ளர்ல அவங்கவங்க ரசம். யாரும் யாருக்கும் பின்னாடி குடிக்க வேண்டாம். சுத்தம். ரொம்பச் சுத்தம்.

பேர் வேண்டாம்:

கடைசி பெஞ்ச் அண்ணா, நீங்க எழுதினதைப் படிச்சு ஒத்துக்கிட்டுத்தான் இதை எழுதுறேன். நான் வேலைக்காக வேற ஊர் போனப்போ அங்க ஒரு சபைக்குப் போனேன். முதல் ஞாயிறு கேட்டது "எந்த ஊர் தம்பி?" ரெண்டாவது ஞாயிறு "அந்த ஊர்ல எந்தத் தெரு?" மூணாவது ஞாயிறு நான் போகல. இப்ப ரெண்டு வருஷமா ஒரு இணைய சபைதான். அங்க எனக்கு ஒரு பேரும் ஒரு ஜெப விண்ணப்பமும் மட்டும்தான் உண்டு. உங்க தாத்தாவோட பொறுமை எனக்கு இல்ல. அது பாவமா?

கடைசி பெஞ்ச்:

பாவம் இல்ல தம்பி. தெருவைக் கேட்டவன்தான் பாவி. நான் எழுதினதுல உன்னை மாதிரி ஆளை நினைக்கல, அது என் தப்பு. ஒண்ணு மட்டும் மனசுல அரிக்குது: உன்னை விரட்டினவங்களுக்கு இப்ப நிம்மதி. அவங்க பந்தியில உன் இடம் காலியா இருக்கிறது அவங்க கண்ணுல படவே இல்ல.

பனிநாடு:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப ஒஸ்லோ. இலங்கை மடு மாதா கோயிலின்ர ஆவணித் திருவிழாவை ஃபேஸ்புக்கில விடியப்புறம் எழும்பிப் பாக்கிறனான். அது வழிபாடோ எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. மாதாவின்ர சுருவம் வெளிய வரேக்க அழுகை வரும், அது பக்தியோ ஊர் ஞாபகமோ எண்டு பிரிக்க ஏலாது. வேதாகமத்தில குஷ்டம் சுகமான நாமான், எலிசா தீர்க்கதரிசியிட்டக் கேட்டது ரெண்டு கோவேறு கழுதைப் பொதி மண். சுகம் கிடைச்சுட்டுது, எண்டாலும் மண்ணும் வேணும் அவனுக்கு. நானும் மடு மண் கொஞ்சம் போத்தலுக்குள்ள வச்சிருக்கிறன். இஞ்ச ஞாயிறில நோர்வே மொழிப் பூசைக்குத்தான் போறன். அரைவாசி விளங்காது, ஆனால் கையில தருகினம்.

நெறியாளர்:

சபைகளின் பெயரையும் ஆயர்களின் பெயரையும் குறிப்பிட்டு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். குறை சொல்லலாம், பேர் சொல்ல வேண்டாம்.

தரங்கை:

அம்மாவின் வாக்கியத்தில் சிக்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். இன்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் யுஸ்தீனை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் இருந்தவர். ஞாயிறு கூடுகையில் என்ன நடக்கும் என்று வரிசையாக எழுதுகிறார்: வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் ரசமும். அதோடு, வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார்கள் என்கிறார். அதை ஒரு தனிச் சலுகையாக எழுதவில்லை. ஆராதனையின் ஒரு பகுதியாகவே எழுதுகிறார்.

இதை இதற்கு முன் பத்து தடவையாவது வாசித்திருப்பேன். வராதவர்களின் பங்கு போய்ச் சேரும்வரை அன்றைய பந்தி முடியவில்லை என்று இப்போதுதான் படிக்கத் தெரிந்தது. நாம் இத்தனை நாள் ‘திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெறுவது செல்லுமா’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ரெண்டு தெரு தள்ளி ஒருவர் கட்டிலில் இருக்கும்போது, யாரையும் அனுப்பாமல் மூடிய பெட்டியோடு ஆசீர்வாதம் கூறிக் கலைகிற ஆராதனை செல்லுமா என்பதைக் கேட்கவில்லை.

இங்கிலாந்துச் சபையின் 1662 ஜெப புத்தகத்தில் நோயாளிகளுக்கான நற்கருணை ஒழுங்கின் கடைசியில் ஒரு குறிப்பு உண்டு. முடியாமையால் வாயால் பெறாவிட்டாலும், மனந்திரும்பி விசுவாசித்து நன்றி செலுத்துகிறவர் ஆத்துமாவுக்கு நன்மையாகப் புசிக்கிறார் என்று. தேரிக்காடு, 2020 சப்பாத்திக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். அன்று யாரும் வர முடியாது. இன்று வர முடியும். ஒரே பெட்டி, ஒரே திரை, ஒரே அம்மா. ஆனால் கேள்வி மாறிவிட்டது.

மேல்வீட்டறை:

தரங்கை பிரதர், எங்க பக்கத்துல இதுக்கு ஆமென் சொல்வோம். ஆனா இயர்ஃபோன் பிள்ளை வீட்டுக்கு யாரை அனுப்புறது? அனுப்பினா அவ மாட்டிக்குவா. 2 யோவான் கடைசியில அந்த மூப்பர், காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை, முகமுகமாய்ப் பேசலாம்னு நம்பியிருக்கிறேன்னு முடிக்கிறார். சிரிப்பு என்னன்னா, அதையும் காகிதத்துல மையாலதான் எழுதினார். அவளுக்கு நான் இப்ப காகிதமும் மையுமாத்தான் இருக்கேன். நம்பியிருக்கேன்.

தேரிக்காடு:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன்.

தரங்கை அண்ணன் எழுதினதைப் பிரிண்ட் எடுத்து ஆயரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடுற மூடுலதான் போனேன். அவர் படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், அவருக்கு நாலு கோவில் பொறுப்பு, ஞாயித்துக்கிழமை ஒண்ணுலயிருந்து ஒண்ணுக்கு பைக்ல ஓடறதைச் சொன்னார். அதுவும் நிஜம்தான். போன ஞாயிறு பதினொன்றரைக்கு வந்தார், கூடவே பெண்கள் ஐக்கிய சங்கத்துல ரெண்டு அக்கா.

அம்மா உடனே வாங்கல. தலை சீவணும்னாங்க. அப்புறம் வெள்ளைச் சேலை. ஆயர் திண்ணையில காத்திருந்தார். டிவியில அதே ஆராதனை மறுபடியும் ஓடிட்டு இருந்தது, அணைக்க மறந்துட்டேன். பீடம் தெரியுது, பீடத்துக்கு முன்னாடி ஆயர் நிக்கிறார், வாசல்லயும் அதே ஆயர் செருப்பைக் கழட்டிட்டு நிக்கிறார். அம்மா டிவியைக் காட்டி "அவரை நிறுத்து"ன்னாங்க.

வாங்கினப்போ எதுவும் சொல்லல. வாங்கி முடிச்சதும் அக்காக்கள்கிட்ட கேட்ட முதல் கேள்வி: "இன்னைக்கு யார் யாரெல்லாம் வந்திருந்தா?"

அப்பதான் எனக்கு உறைச்சது. மூணு வருஷமா லைவ்ல கேமரா பீடத்தைத்தான் காட்டுது. சனங்களை ஒரு தடவைகூடக் காட்டினதில்ல. அரை மணி நேரம் உட்கார்ந்து வரிசை வரிசையா சொன்னாங்க. யாரு மருமக முழுகாம இருக்கா, யாரு வெளிநாட்டுலயிருந்து வந்திருக்கா, யாரு இன்னும் யார்கூடப் பேசல, அசனத்துக்கு இந்த வருஷம் யாரு அரிசி. அம்மா ஒவ்வொரு பேருக்கும் "ஆங்"னு தலையாட்டினாங்க. ஆயர் ரெண்டு தடவை வாட்சைப் பார்த்தார், ஆனா எழும்பல.

மாசம் ஒரு தடவைன்னு சொல்லியிருக்கார். பார்ப்போம்.

மூணு சக்கரம்:

சந்தோஷம் தங்கச்சி. அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு.

எங்க கமிட்டி அடுத்த மாசம் திரும்பக் கூடுதாம். மாடியில.